நீருக்குள் இறங்கும் சாலை

வேன் மலையேறி வந்து நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. அணை கட்டிய காலத்தில் பொறியாளர்கள் தங்குவதற்காக எழுப்பிய பழைய விடுதி அது. நீளமான ஓட்டுக் கட்டடம், சுவரெல்லாம் பாசி. கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும், ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி எங்கோ மறந்து வைத்தது போன்ற ஒரு வாடை முகத்தில் அடித்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். போகவில்லை. மரங்களுக்கு அப்பால் தகடு போலக் கிடந்த நீர்த்தேக்கத்திலிருந்துதான் அந்த வாடை வந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு எண்பது கிலோமீட்டர் ஓடப்போறவங்க, நாலு படி ஏற இந்த முனகு முனகுறீங்களே," என்றார் கண் டாக்டர். ஓட்டக் குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். ஊருக்கெல்லாம் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர், தன் கண்ணாடியைக் கழற்றினால் தூணுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமல் தூணிடம் வழி கேட்பார் என்று குழுவில் ஒரு கேலி உண்டு.

அவர் பின்னால் இரண்டு பைகளைச் சுமந்துகொண்டு ஒரு பெண் ஏறினாள். அரசு மருத்துவமனையில் நர்ஸ். குழுவில் எல்லோரும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள், ஒருவனைத் தவிர. கூடப் பிறந்த தம்பிக்கு மட்டும் அவள் அக்கா. இரண்டாவது பை அவனுடையது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கட்டியவள் விட்டுவிட்டுப் போன பிறகு வேலைக்குப் போகாமல், சவரம் செய்யாமல், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே மாதக்கணக்கில் கிடந்தவன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனுக்கென்று இருந்தது அக்கா மட்டும்தான். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவள் போர்வையை உருவி எறிந்துவிட்டு, ஷூவைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். "எழுந்திரு. தெருக்கோடி வரைக்கும் ஓடிட்டு வரலாம்." தெருக்கோடி பூங்கா ஆயிற்று, பூங்கா நெடுஞ்சாலை ஆயிற்று. மூச்சு வாங்க அவன் நின்றபோதெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்ச தூரம்தான். நிக்காத." நின்றால் அவன் மறுபடி அந்தச் சுவருக்கே திரும்பிவிடுவான் என்று அவளுக்குப் பயம். ஓட்டம் அவனைப் பிழைக்க வைத்தது. நிற்பதைப் பற்றி யோசிக்கவே அவள் விரும்பவில்லை.

விடியும்போது பந்தயம் தொடங்கியது. பல ஊர்க் குழுக்கள் வந்திருந்தன. காட்டுச் சாலையில் ஏறி, மலைமுகட்டைத் தாண்டி, மறுபக்கம் நீர்த்தேக்கத்துக்கு இறங்கி, அதன் கரையைச் சுற்றிக்கொண்டு விடுதிக்குத் திரும்ப வேண்டும். வழி தவறாமல் இருக்க மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

"கரைப்பக்கம் போனதும் யாரும் தனியா ஓடாதீங்க," என்று கிளம்புமுன் கண் டாக்டர் சொன்னார். "மத்தியானத்துக்கு மேல அங்க மூடுபனி இறங்கும். ரெண்டு ரெண்டு பேராப் போங்க. ரிப்பன் தெரியலன்னா நின்னு தேடிட்டுப் போங்க."

முகடு வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டே ஓடினார்கள். இறக்கத்தில்தான் தம்பியின் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. தண்ணீர் கொடுக்கும் இடத்தில் ஒரு பாறையில் சாய்ந்து கால் நீட்டியவன், அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, நான் இங்கேயே நின்னுடட்டுமா? ஓட முடியாதவங்கள ஏத்திக்கிற ஜீப்ல வந்துடறேன்."

அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் யாருக்காவது அப்படி இருந்தால் ஓடாதே என்றுதான் சொல்லியிருப்பாள். தம்பியிடம் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்டா. நிக்காத. நின்னா கால் கட்டிக்கும்."

அவன் தலையாட்டிவிட்டு எழுந்தான்.

கரையை அடைந்தபோது பனி இறங்கிவிட்டிருந்தது. மழையுமில்லை, காற்றுமில்லை. பட்டப்பகலில், நீருக்கும் வானுக்கும் நடுவில் பஞ்சைத் திணித்து வைத்தது போல வெள்ளை. கையை நீட்டினால் விரல் நுனி மங்கியது. காட்டில் கேட்ட பறவைச் சத்தம் எங்கேயோ பின்தங்கிப் போயிற்று. கேட்டதெல்லாம் அலை கரையை நக்கும் சத்தமும், இரண்டு ஜோடிக் கால்களின் சத்தமும்தான்.

"நீ முன்னாடி போக்கா," என்றான் தம்பி. "நான் உன் காலைப் பாத்துக்கிட்டே வரேன்."

அவள் முன்னால் ஓடினாள். ரிப்பன் ஒன்று வந்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று. ஓரிடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ரிப்பன் வலது பக்கம் காட்டியது. இடது பக்கம் போன சாலை அகலமானது, பழைய தார்ச்சாலை, நடுவில் வெள்ளைக் கோடுகூட அழியாமல் இருந்தது. அது சரிந்து சரிந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப்போயிற்று. அணை கட்டுவதற்கு முன் பள்ளத்தாக்கின் வழியே போன சாலையாக இருக்கும்.

"வலது பக்கம்டா," என்றாள் திரும்பாமலே.

"ம்," என்று பின்னால் கேட்டது.

கால் சத்தம் பின்தொடர்ந்தது.

"வலி எப்படி இருக்கு?"

"ம்."

"தண்ணி குடிச்சியா?"

"ம்."

களைத்துவிட்டான், பேசத் தெம்பில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நீண்ட ஓட்டத்தில் இது சகஜம். ஒரு கட்டத்துக்குமேல் பேச்சு வற்றிப்போகும். அவளும் பேச்சை நிறுத்திவிட்டு ஓடினாள்.

பேச்சு நின்ற பிறகுதான் அவள் காதில் அந்த மூச்சு விழுந்தது.

முதலில் மெல்ல வந்தது. பிறகு ஆழமாக, இன்னும் ஆழமாக, மார்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு. பிறகு படிப்படியாகத் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஒரு நிசப்தம்.

மறுபடி மெல்லத் தொடங்கியது.

ஓடுகிறவனின் மூச்சு இல்லை அது. ஓடுகிறவனின் மூச்சு அவன் காலோடு சேர்ந்து வரும். இந்த மூச்சை அவள் வார்டில் கேட்டிருக்கிறாள். கடைசிப் படுக்கையில், திரை இழுத்துவிட்ட பிறகு, வீட்டாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லும் நேரத்தில் வரும் மூச்சு. இருபது வருஷ சர்வீஸில் அது வந்து யாரும் எழுந்து நடந்ததில்லை.

"டேய், நில்லு. உன் மூச்சு சரியில்ல."

நாடி பார்க்கக் கையை நீட்டியபடியே திரும்பினாள்.

யாரும் இல்லை.

அவள் நின்றதும் கால் சத்தமும் நின்றிருந்தது. வெள்ளைப் பனி அசையாமல் நின்றது. ஆனால் மூச்சு மட்டும் நிற்கவில்லை. நீட்டிய கைக்கு அப்பால், சரியாக அவள் தோள் உயரத்தில், மெல்ல எழுந்து, ஆழமாகி, தேய்ந்துகொண்டிருந்தது. பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை அடித்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். குரல் பனிக்குள் போய்த் திரும்பவில்லை.

அப்போது முன்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டங், டங், டங். யாரோ இரும்புத் தகட்டைத் தட்டினார்கள். அடுத்த தண்ணீர்ப் பந்தல். அவள் அந்தச் சத்தத்தை நோக்கி ஓடினாள். பின்னால் கால் சத்தமும் ஓடியது.

பந்தலில் தச்சர் இருந்தார். குழுவில் பலசாலி என்றால் அவர்தான். போன மாதம் சாரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்ததால், ஓட முடியாமல் தண்ணீர் கொடுக்க வந்திருந்தார். பனியில் வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி வந்துட்டானா?"

"இல்லையே, சிஸ்டர். உங்க கூடத்தானே வந்தான்?"

"பின்னாலதான் வந்துட்டிருந்தான். கால் சத்தம் கேட்டுச்சு."

தச்சரின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அவர் அவளுக்குப் பின்னால் பனியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர், பயப்படாதீங்க. இதுவரைக்கும் வந்தவங்கள்ல மூணு பேர் இதையேதான் கேட்டாங்க. பின்னால ஒருத்தர் வந்தாரே, வந்து சேந்துட்டாரான்னு. மூணு பேரும் தனியா வந்தவங்க. அவங்களுக்குப் பின்னால யாரும் வரல."

"டாக்டருக்குச் சொல்லுங்க."

"வாக்கிடாக்கி எடுக்கல. ஜீப் ஒருத்தர ஏத்திக்கிட்டுக் கீழ போயிருக்கு. வர நேரமாகும்."

அவள் வந்த வழியே திரும்பினாள்.

"போகாதீங்க சிஸ்டர். ஜீப் வரட்டும்."

"அவன் நொண்டிக்கிட்டு இருப்பான்."

தச்சர் தன் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நான் தட்டிக்கிட்டே இருப்பேன். நீங்க வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டேன். இந்தச் சத்தத்த விட்டுடாதீங்க."

டங், டங், டங். ஓட ஓட அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. இப்போது அவள் பின்னால் கால் சத்தம் எதுவும் இல்லை. அதில் அவளுக்கு ஆறுதல் பிறக்க வேண்டும். பிறக்கவில்லை. தன்னை விட்டுவிட்டால் அது யாரிடம் போயிருக்கும்?

சாலை பிரியும் இடம் வந்தது. நின்று காது கொடுத்தாள்.

கீழே, இடது பக்கம், தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

நன்றாக இருந்த காலத்தில், யாரோடாவது பேசிக்கொண்டே ஓடும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "மெதுவாப் போக்கா, கால் வலிக்குதுல்ல," என்றான்.

அதற்குப் பதில் வந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்டா. நிக்காத. நின்னா கால் கட்டிக்கும்."

அது அவள் குரல். பாறையருகே அவள் சொன்ன அதே சொற்கள், அதே இழுப்பு, 'டா'வில் விழும் அதே அழுத்தம்.

தன் வாயைத் தானே கையால் பொத்திப் பார்த்தாள். உதடுகள் மூடித்தான் இருந்தன.

வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். தார் வழுக்கியது. சில அடிகளில் கோட்டின் மேல் தண்ணீர் ஏறியது. அதற்கு அப்பால், பனிக்குள், அவன் முதுகு தெரிந்தது. முழங்கால் அளவு தண்ணீரில், தன் கால் நனைவதே தெரியாதவன் போல, ஓடுகிற பாவனையில் கைகளை வீசிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.

"டேய், திரும்பி வா. நான் இங்க இருக்கேன்டா."

அவன் தலையை லேசாகச் சாய்த்தான். பிறகு முன்னால் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, பின்னால யாரோ உன்ன மாதிரியே கூப்பிடுறாங்க."

"திரும்பாத," என்றது அவள் குரல், தண்ணீருக்கு மேலிருந்து. "இன்னும் கொஞ்ச தூரம்தான்."

தண்ணீர் அவன் தொடைக்கு ஏறியது.

அவள் மறுபடி கூப்பிட வாயெடுத்தாள். வா, ஓடி வா, சீக்கிரம் வா. அவள் வாயில் வந்ததெல்லாம் அவ்வளவுதான். தம்பியின் காதில் இரண்டு அக்காக்களும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டில் ஒருத்தியை அவன் ஏன் நம்ப வேண்டும்?

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சாலையில், தண்ணீர் இடுப்பைத் தொட, அப்படியே உட்கார்ந்தாள்.

"என்னால முடியலடா," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் நின்னுட்டேன். போதும். தோத்தா தோத்துட்டுப் போறோம். வா, வீட்டுக்குப் போலாம். நீ படுத்துக்கோ. எவ்வளவு நாள் வேணும்னாலும் படுத்துக்கோ. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

வீசிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

அவன் பிறந்ததிலிருந்து அக்காவின் வாயில் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. மெல்லத் திரும்பினான். தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட குழந்தை போல இருந்தது அவன் முகம். முதலில் அவளைப் பார்த்தான். பிறகு தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தான்.

"அக்கா? நீ எப்படி அங்க?"

"வாடா."

அவன் நொண்டி நொண்டி வந்து அவள் மேல் விழுந்தான். உடம்பு பனிக்கட்டி போல இருந்தது. அவன் கையைத் தன் தோள் மேல் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

தண்ணீருக்கு மேலிருந்த குரல் அடங்கிவிட்டது. அதன் இடத்தில் அந்த மூச்சு தொடங்கியது. மெல்ல, ஆழமாக, மறுபடி மெல்ல. நடுவில் விழுந்த நிசப்தம் இந்த முறை வெகு நீளமாக இருந்தது.

பிறகு ஒரு குரல் கேட்டது. அவள் குரலும் இல்லை, தம்பியின் குரலும் இல்லை. தொண்டை வறண்ட, வயதான, மிகவும் களைத்துப்போன குரல்.

"நிக்கலாமா?"

மிரட்டல் இல்லை அதில். அனுமதி கேட்டது.

வார்டில் எந்தப் படுக்கையிலிருந்து எந்த நேரத்தில் குரல் வந்தாலும் பதில் சொல்லிப் பழகியவள் அவள். இதோ வரேன், என்ன வேணும், தூங்குங்க, நான் பக்கத்துல இருக்கேன். அன்று அவள் பதில் சொல்லவில்லை. தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தூரத்தில் கேட்ட டங், டங் என்ற சத்தத்தை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தச்சர் சொன்ன சொல் தவறவில்லை. பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

இருவரும் பந்தயத்திலிருந்து விலகி ஜீப்பில் விடுதிக்குத் திரும்பினார்கள். கண் டாக்டர் தம்பியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் சூடு குறைந்துபோனால் இல்லாததெல்லாம் கேட்கும், தெரியும் என்றார். தச்சர் கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த தம்பி இரண்டு நாள் படுத்திருந்தான். அக்கா போர்வையை உருவவில்லை. மூன்றாம் நாள் தானாகவே எழுந்து சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனான். அணைக்கரையில் நடந்ததில் அவனுக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: அக்கா முன்னால் ஓடினாள், அவள் பின்னால் அவன் போனான். அவள் அதைத் திருத்தவில்லை.

முழங்கால் குணமாகும் வரை அவன் ஓட வரமாட்டான் என்றாகிவிட்டது. அவளும் சில வாரங்கள் போகவில்லை. பிறகு, நல்ல வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு குழுவோடு கிளம்பினாள். ஊருக்குள்ளேயேதான் ஓடினார்கள். கடைகள் திறந்திருந்தன, பஸ் போயிற்று, யாரோ மாடியில் துணி உலர்த்தினார்கள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. பாதி தூரத்தில் அவளுக்கு மனம் லேசாயிற்று. கண் டாக்டர் சொன்ன ஒரு கேலிக்குச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஊர் எல்லையிலிருந்த பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் குடிக்க ஒதுங்கினாள். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பெட்ரோல் போடுகிறவர் குழாயைத் திறந்துவிட்டு, அவளிடம் தயக்கத்தோடு பேச்சுக் கொடுத்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க கூட்டத்துல கடைசியா ஒரு பெரியவர் வர்றாரே, அவரப் போயி இவ்வளவு தூரம் ஓட வைக்கிறீங்களே. இப்பத்தான் அந்த வளைவுல பாத்தேன். மூச்சு இழுத்துக்கிட்டு வந்துச்சு. பாவமா இருந்துச்சு, தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

அவள் கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது.

"என்ன சொன்னாரு?"

"தண்ணி வேணாம்னாரு. நிக்கலாமான்னு கேட்டாரு. நான் யாரு மேடம் அதச் சொல்ல? முன்னாடி போறாங்களே, அந்த அம்மாகிட்டயே கேட்டுக்குங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் வளைவைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் சாலை காலியாகக் கிடந்தது. நட்டநடுவில் ஒரு நாய் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

நாய் தலையைத் தூக்கியது. எழுந்தது. வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்கிக்கொண்டு சாலையோரத்துக்குப் போய், யாருக்கோ வழிவிட்டு நின்றது. பிறகு அதன் கண்கள் மெல்ல நகர்ந்தன, ஓடுகிற ஒருவரை அல்ல, நடந்து வருகிற ஒருவரைப் பார்ப்பதுபோல, வளைவிலிருந்து அவள் நின்ற இடத்தை நோக்கி.